ஃப்ளாப்பிக்குள் இருந்த வீடு

அத்தியாயம் 17

மைசூரில் போகாதியைத் தாண்டி ஒரு சைட் வாங்கிப் போட்டுவிட்டு, அதில் வீடு கட்டலாமா வேண்டாமா என்று காளியப்பன் பதினோரு வருஷம் யோசித்ததை நீங்கள் அறிவீர்கள். போன வாரம்தான் அவருக்கு ஒருவழியாக மனசு இறங்கியது. திங்கட்கிழமை கடைக்கால் தோண்ட ஆள் வருகிறது. கிராஃப் தாளில் அவரே ஒரு பிளானும் போட்டுவிட்டார். ஒரு ஹால், ரெண்டு ரூம், மூலையில் ஒரு சமையலறை.

இன்றைக்குத்தான் இந்தத் தொடருக்குள் நுழைகிறவர்களுக்கு ஒரு சேதி. காளியப்பனுடைய மனைவி மாதம்மாவும் ஒரு வருஷமாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறாள். அது காளியப்பனுக்குத் தெரியாது. அவள் கட்டுவது கம்ப்யூட்டருக்குள்.

அந்தக் கம்ப்யூட்டர், காளியப்பன் வேலை பார்க்கும் ஃபேக்டரியின் ஆபீசில் கழித்துக் கட்டியது. மகள் ஜீவிதா படிக்கட்டும் என்று வாங்கி வந்தார். அக்ரஹாரத்து வாடகை வீட்டின் ஹாலில், பூப்போட்ட துணி போர்த்திக்கொண்டு அது உட்கார்ந்திருக்கிறது. காளியப்பன் முதல் ஷிஃப்டுக்கும் ஜீவிதா கிளாசுக்கும் போன பிறகு, மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மாதம்மா அந்தத் துணியை எடுப்பாள்.

முதலில் சீட்டாட்டம்தான் ஆடினாள். ஜீவிதா சொல்லிக்கொடுத்தது. ஒருநாள் கை தவறி வேறு ஒரு படத்தை அமுக்கிவிட்டாள். வெள்ளை வெளேரென்று ஒரு திரை வந்தது. மவுஸை அசைத்தால் பின்னாலேயே ஒரு கோடும் வந்தது. கோடு கோணல்மாணலாகத்தான் போயிற்று. ஆனாலும் அதைப் பார்த்தவுடன் அவளுக்கு ஒரு சுவர் தெரிந்துவிட்டது. அப்புறம் எங்கே சீட்டாட்டம்?

ஒரு நாளைக்கு ஒரு சுவர். ஒரு நாளைக்கு ஒரு படி. வாசலில் மூன்று படி ஏற நாலு நாள் ஆயிற்று. ஹாலில் ஒரு ஊஞ்சல், கொல்லையில் தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடி. சமையலறையில் கிழக்கே பெரிய ஜன்னல். இந்த வாடகை வீட்டுச் சமையலறையில் ஜன்னலே கிடையாது. பகல் பன்னிரண்டு மணிக்கும் பல்பு போட்டுக்கொண்டுதான் அவள் பதினெட்டு வருஷமாக அரிசி களைகிறாள்.

வரைந்து முடித்த பிறகும் எழுந்திருக்க மாட்டாள். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி இருப்பாள். கொஞ்ச நேரத்தில் தெருவில் போகிற ஸ்கூட்டர் சத்தம் எல்லாம் தூரத்துக்குப் போய்விடும். மூன்று படியும் ஏறி உள்ளே போய்விடுவாள். அங்கே எப்போதும் காலை நேரம்தான். ஜன்னல் வெயில் அடுப்பு மேடையில் விழுந்திருக்கும். ஜன்னலைத் தாண்டி சாமுண்டி மலை நீலமாக நிற்கும். யாரோ ஊஞ்சலிலிருந்து இறங்கிப் போனமாதிரி ஊஞ்சல் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். இறங்கிப் போனது யார் என்று அவளுக்குத் தெரியும். ஹாலைத் தாண்டி மூன்றாவதாக ஒரு அறை வரைந்திருக்கிறாளே, அந்த அறைக்காரன்தான்.

அந்த அறைக்கு நீலம் தீட்டியிருந்தாள். ஒரு கட்டில், சட்டை மாட்ட ஒரு கொக்கி. அது அவளுடைய மகன் செந்தில்நாதனுக்கு.

செந்தில்நாதன் வீட்டை விட்டுப் போய் ரெண்டு வருஷம் எட்டு மாசம் ஆகிறது. தன் ஃபேக்டரியிலேயே அவனுக்கு ஒரு அப்ரெண்டிஸ் இடம் வாங்கித் தர, காளியப்பன் பெரிய ஆபீசர் ரூம் வாசலில் மூன்று நாள் நின்றார். சேர வேண்டிய அன்றைக்கு அவன் போகவில்லை. அத்தனை பேர் முன்னால் அப்பா தலைகுனிந்தார். மறுநாள் காலை அவன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அன்றிலிருந்து காளியப்பன் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அவர் சொல்லாததால் மாதம்மாவும் சொல்வதில்லை. சொல்லித்தான் பார்ப்போமே என்று எத்தனையோ தடவை வாயைத் திறந்திருக்கிறாள். நாக்கு எழும்பாது.

ஆனால் படத்தைக் காட்டலாமே! மேஸ்திரி லிங்கப்பன் வருகிற அன்றைக்கு, ஏனுங்க, இதையும் கொஞ்சம் பாருங்க என்று திரையைக் காட்டிவிட்டு நகர்ந்துகொள்ளலாம். மூன்றாவது அறை யாருக்கு என்று அவருக்கே புரியும். வாயைத் திறக்கவே வேண்டாம். இதுதான் மாதம்மாவின் திட்டம்.

லிங்கப்பன் வருகிற நாள் இன்றைக்கு. இன்றைக்கு விஜயதசமி.

---

இன்றைக்கே பார்த்து ஜீவிதாவும் கம்ப்யூட்டரில் கையை வைத்தாள். அதற்கு மாதம்மாவே காரணம்.

திங்கட்கிழமை ஜீவிதா ஒரு அச்சகத்தில் வேலைக்குச் சேர்கிறாள். அங்கே எல்லாம் புது விண்டோஸ் 95. வீட்டில் இருப்பதோ பழைய மூன்று புள்ளி ஒன்று. பழகிக்கொள்ளலாம் என்று, அச்சகத்து முதலாளியிடமே கேட்டுப் பதிமூன்று ஃப்ளாப்பிகளை வாங்கி வந்திருந்தாள். நேற்றே போட்டுவிடுகிறேன் என்றாள். மாதம்மா விடவில்லை. ஆயுத பூஜைக்குச் சாமந்தி மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்த பொருளை மறுபூஜை ஆகாமல் யாராவது தொடுவார்களா? காளியப்பனின் ஸ்பானர், ஜீவிதாவின் சைக்கிள், மாதம்மாவின் அரிவாள்மனை எல்லாம் கும்பிட்ட இடத்திலேயே நேற்று முழுக்க ஓய்வில் இருந்தன. கம்ப்யூட்டரும் ஃப்ளாப்பிகளும் அந்த வரிசையில்தான்.

"புதுசா ஆரம்பிக்கறதை விஜயதசமிக்கு ஆரம்பிச்சா நல்லா நிக்கும் சாமி. பொழுது விடியட்டும்" என்றாள் மாதம்மா.

"அம்மா, இது என்ன அரிசியில 'அ' எழுதறதா? விண்டோஸும்மா!"

"எதுவா இருந்தா என்ன, அதுவும் படிப்புத்தான?"

ஜீவிதா சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள்.

விடிந்து மறுபூஜை முடிந்து மாலையைக் கழற்றியதும் உட்கார்ந்துவிட்டாள். "ஹார்ட் டிஸ்க்ல ஸ்வல்பமும் இடம் இல்லம்மா. பழசு பூரா அழிச்சாத்தான் புதுசு உட்காரும்."

மாதம்மா குனிந்து, மகள் காதோடு காதாகக் கேட்டாள். "என்ற வீடு?"

படத்தை ஜீவிதா இந்த வாரம்தான் பார்த்திருந்தாள். மூன்றாவது அறை யாருக்கு என்று கேட்டதற்கு, சாமான் போட என்று மாதம்மா சொல்லியிருந்தாள். சாமான் போடுகிற அறைக்குக் கட்டில் எதற்கு என்று மகள் கேட்கவில்லை.

ஜீவிதாவும் குரலைத் தாழ்த்தினாள். "உன் வீடு நீல ஃப்ளாப்பியில பத்திரமா இருக்கு. வியாழக்கிழமையே காப்பி பண்ணி உன்கிட்ட காட்டினேனே. புதுசு போட்டதும் அதுல தெறந்து தரேன், இதைவிட ஜோரா தெரியும்."

காளியப்பன் பேப்பருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். இன்றைக்கு அவர் நல்ல மனநிலையில் இருந்தார். மடியில் அந்த கிராஃப் தாள், ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டி வைத்திருந்தது.

"அழிச்சுப்போட்டா, அப்பறம் பழசு திரும்பி வராதா?"

"வராதுப்பா."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட வராது."

அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு பேப்பருக்குள் போய்விட்டார். ஜீவிதா ஒரு பட்டனைத் தட்டினாள்.

பதிமூன்று ஃப்ளாப்பிகளையும் ஒன்றொன்றாக உள்ளே தள்ள வேண்டும். ஒவ்வொன்றையும் அது கர்ர் கர்ர் என்று மென்று முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்கும். ஜீவிதா எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். ஐந்தாவதோ ஆறாவதோ ஓடும்போது மாதம்மா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்தச் சத்தம் அவளுக்கு வேறு எதையோ கேட்கவைத்தது. புது வீட்டில் மரக்கதவுக்கு இழைப்புளி போடுகிறார்கள். சுருள் சுருளாக மரச் சீவல் ஹால் முழுக்கக் கிடக்கிறது. அதில் கால் வைத்து நடந்தால் பாதத்தில் கூச்சம். யாரோ சமையலறை ஜன்னலுக்கு வெளியில் நின்று, அம்மா, காபி என்கிறான்.

"அம்மா!" என்றாள் ஜீவிதா. "தூங்கறியா? காபி கேட்டேன்."

மாதம்மாவுக்கு வெட்கமாகப் போயிற்று. எழுந்து உள்ளே போய் பல்பைப் போட்டாள்.

"பதிமூணு தின்னும் வயிறு ரொம்பலயாட்டம் இருக்குது இதுக்கு" என்று காளியப்பன் ஹாலில் கேலி செய்வது கேட்டது.

---

பத்து மணி சுமாருக்குத் திரை ஒரு தடவை இருண்டது. பிறகு நீலமாக விரிந்தது. வெள்ளை வெள்ளையாக மேகம். அதற்கு நடுவில் கலர் கலராக ஒரு கொடி.

"அய்யோ, ஆகாசம்!" என்றாள் மாதம்மா. கையில் இருந்த கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை நாள் திறந்ததும் கறுப்பும் சாம்பலுமாக வந்த பெட்டி. இப்போது அதில் மழை பெய்து ஓய்ந்த ஆடி மாதத்து வானம். அவள் வீட்டை இந்த வானத்துக்குக் கீழே வைத்தால் எப்படி இருக்கும்! மேஸ்திரி வர இன்னும் ஒரு மணி நேரம். மத்தியானம் தசரா ஊர்வலத்துக்கு ரோடு அடைத்துவிடுவார்கள் என்று பதினொன்றுக்கே வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

காளியப்பன் குளிக்கப் போனார்.

"சீக்கிரம் தெற சாமி" என்றாள் மாதம்மா.

ஜீவிதா நீல ஃப்ளாப்பியைத் தள்ளினாள். உள்ளே என்னவோ கீறுகிற சத்தம். படிக்க முடியவில்லை என்று திரையில் ஒரு கட்டம் வந்தது. வெளியே எடுத்து ஊதிவிட்டு மறுபடி தள்ளினாள். மறுபடியும் அதே கட்டம். மூன்றாவது தடவை அவள் முகம் மாறிவிட்டது. ஃப்ளாப்பியை வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்துத் தகரத்தை விரலால் நகர்த்தினாள்.

உள்ளே இருந்த கறுப்பு வட்டில் காய்ந்துபோன சந்தனம். அதன் நடுவில் வட்டமாகக் குங்குமம்.

"அம்மா, இது யாரு வெச்சது?"

"நாந்தான். நேத்துப் பூஜைக்கு" என்றாள் மாதம்மா. "எல்லாத்துக்கும் மேலதான் வெச்சேன். இதுக்கு மட்டும், வீடு உள்ளதான இருக்குது, மேல பிளாஸ்டிக்ல வெச்சு என்னத்துக்குன்னு, அந்தத் தகரத்தை ஒதுக்கிப் பார்த்தேன். உள்ள சின்னதா தகடாட்டம் தெரிஞ்சுது. அதுக்கு வெச்சேன். நம்ம வீட்டுக்கே பொட்டு வெச்சாப்பல…"

சொல்லிக்கொண்டே வந்தவள், மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

ஜீவிதா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பஞ்சை எடுத்து, மெதுவாக, மிக மெதுவாகத் துடைத்தாள். சந்தனம் வந்தது. அதோடு வட்டின் மினுமினுப்பும் வந்துவிட்டது. கடைசியாக ஒரு தடவை போட்டுப் பார்த்தாள்.

"போயிடுச்சும்மா."

"இதுல? இந்தப் பெட்டியில வேற எங்கியும்…"

"காலையிலயே அழிச்சுட்டேன். பார்த்துட்டு அழிச்சிருக்கணும். என் தப்பு."

"உன்ற தப்பு என்ன? நாந்தான பொட்டு வெச்சேன்."

மாதம்மா சமையலறைக்குப் போனாள். பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு வருஷம். மூன்று படி, ஊஞ்சல், ஜன்னல், நீல அறை. வேண்டுமென்று யாரும் இடிக்கவில்லை, தானே நல்ல நாளில், குளித்து முழுகி, பக்தியாகச் செய்த காரியம். அவளுக்கு அழுகை வந்தது. சுவரைப் பார்த்து நின்றுகொண்டு நன்றாக அழுதாள். படம் போனதுகூடப் பரவாயில்லை. இனி அதை வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை ரெண்டு அறைக்குத்தான் மண் தோண்டுவார்கள். அப்புறம் அந்த வீட்டில் அவனுக்கு எந்தக் காலத்திலும் இடம் இருக்காது.

---

லிங்கப்பன் சொன்ன நேரத்துக்கு வந்தார். காதில் பென்சில், கையில் டேப், நெற்றியில் விஜயதசமி விபூதி. கொள்ளேகால்காரர். இருபது வருஷமாக மைசூரில் சுவர் எழுப்புகிறவர்.

காளியப்பன் பாயை விரித்து, கிராஃப் தாளை அதன்மேல் விரித்து, நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்தார். "இதாம் லிங்கப்பா. மூணு பேருக்கு ரெண்டு ரூமு தாராளம். செலவும் கையைக் கடிக்காது."

"ஆகட்டும்ணா. ஜோரா இருக்கு." லிங்கப்பன் சுண்டல் கிண்ணத்தை வாங்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, அடுப்பு மேடை எந்தப் பக்கம் வேணும்?"

எல்லா வீட்டிலும் பெண்களிடம் மேஸ்திரிகள் கேட்கிற ஒரே கேள்வி அது. இந்தப் பக்கம் என்று கையைக் காட்டிவிட்டு அவர்கள் உள்ளே போய்விடுவார்கள். மாதம்மாவும் போயிருப்பாள்.

"கெழக்கால" என்றாள். பிறகு, "அங்க ஜன்னலு வேணும். பெருசா, நாலடிக்கு" என்றாள்.

காளியப்பன் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பிளான்ல சமையக்கட்டு மூலையில இருக்குதுங்க. அந்த மூலையில இருந்தா கெழக்க ஜன்னல் வெக்க முடியாது. நான் சொல்லட்டுங்களா?"

"என்னத்தை?"

மாதம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கம்ப்யூட்டரில் அழிந்தது தலைக்குள் அழியவில்லை. ஒவ்வொரு கோடும் அங்கேயே இருந்தது.

"வாசல்ல மூணு படி. ஏறுனா ஹாலு. எடது கைப்பக்கம் ஊஞ்சலுக்கு ரெண்டு கொக்கி. நேரா நடந்தா சமையக்கட்டு, கெழக்க பார்த்தாப்பல. அதுல இருந்து கொல்லைக்கு ஒரு கதவு. எறங்குனதும் தொட்டி…"

லிங்கப்பன் டம்ளர்களை எடுத்துவிட்டு, தாளைப் புரட்டிப் போட்டு, பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தார். மாதம்மா மெல்ல நடந்துகொண்டே சொன்னாள். பாய் இருந்ததும் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்ததும் அவளுக்கு மறந்துபோயிற்று.

"இதெல்லாம் எப்ப யோசிச்சே?" காளியப்பனின் குரலில் கோபம் இல்லை. திகைப்புத்தான் இருந்தது.

"மத்தியானத்துலீங்க. கம்ப்யூட்டர்ல வரைஞ்சு வெச்சிருந்தேன்."

"நீ சீட்டாடறேன்னல்ல நெனைச்சிட்டிருந்தேன்!"

ஜீவிதா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினாள்.

"ஹாலைத் தாண்டுனா," என்றாள் மாதம்மா, "மூணு ரூமு."

"ரெண்டு" என்றார் காளியப்பன்.

"மூணுங்க."

லிங்கப்பனின் பென்சில் நின்றது. அவருக்கு இந்த வீட்டுக் கதை எதுவும் தெரியாது. "நீங்க மூணு பேர்தானக்கா? மூணாவது ரூமு யாருக்கு?"

அவள் கண்ணைத் திறந்தாள். திரையில் வெறும் நீலம் இருந்தது. எங்கேயோ ஊர்வலத்துக்குக் கிளம்பிய கூட்டம் தெருவில் பேசிக்கொண்டே போயிற்று. சாமான் போட என்று சொல்லிவிடலாம். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அறையும் கிடைத்துவிடும்.

ஆனால் அது அவன் அறையாக இருக்காது.

"எம் பையனுக்குங்க" என்றாள். "செந்தில்நாதனுக்கு."

ரெண்டு வருஷம் எட்டு மாசத்துக்குப் பிறகு அந்த ஹாலில் அந்தப் பெயர் கேட்டது. சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கூரை இடிந்து விழவில்லை. ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

காளியப்பன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். லிங்கப்பன் என்ன சொல்லிவிட்டோம் என்று தெரியாமல் சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். காளியப்பன் முகவாயைத் தடவினார். பேசாமல் எழுந்து போய்விடுவார் என்றுதான் மாதம்மா நினைத்தாள்.

"கதவு எந்தப் பக்கம்?" என்றார்.

"எதுக்குங்க?"

"அந்த ரூமுக்குத்தான்."

மாதம்மா யோசித்தாள். கட்டில் போட்டாள். கொக்கி மாட்டினாள். நீலம் தீட்டினாள். நாலு பக்கமும் சுவர் எழுப்பினாள். ஒரு வருஷமாக அந்த அறைக்கு அவள் கதவே வைக்கவில்லை.

"வெக்கலீங்க. மறந்துபோயிட்டேன்."

"கதவில்லாம எப்படி உள்ள வருவான்?"

காளியப்பன் கையை நீட்டினார். லிங்கப்பன் பென்சிலைக் கொடுத்தார். முழங்காலை மடக்கிக் குனிந்து, மூன்றாவது அறையின் சுவரில் காளியப்பன் ஒரு இடத்தைத் தேர்ந்து, அழுத்தி வரைந்தார். ஃபேக்டரியில் இருபத்தாறு வருஷம் இரும்பை அளந்த கை.

"ஹாலைப் பார்த்தாப்பல இருக்கட்டும். நாம உக்காந்திருக்கற எடத்துல இருந்து தெரியோணும்" என்றார்.

மாதம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

லிங்கப்பன் தாளைச் சுருட்டிக்கொண்டு, திங்கட்கிழமை ஆறு மணிக்கு ஆளோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். காளியப்பன் பாயிலேயே உட்கார்ந்திருந்தார். யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"ரூமு கட்டறோம், சரி. அதை அவன்கிட்ட யாரு சொல்றது? எந்த ஊர்ல இருக்கானோ, ஆருக்குத் தெரியும்?"

கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஜீவிதா திரும்பவில்லை. மவுஸைப் பிடித்திருந்த அவள் கை மட்டும் அப்படியே நின்றது.

"எனக்குத் தெரியும்ப்பா" என்றாள். "ரெண்டு வருஷமாத் தெரியும்."